எது நல்லா இருந்துச்சு?

கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருக்கும். 2009, ஆவணி. இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, புத்தகத்தை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தேன். கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவர் இன்னும் தூங்கவில்லை.

"முடிச்சிட்டியா? எப்படி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"என்ன கதை?"

சொன்னேன். மழை பொய்த்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் கால்நடையாகக் கிளம்புகிறது. வழியில் மூத்த பெண்ணை விற்றுவிட்டு மீதிப் பேர் மேலே நடக்கிறார்கள். விற்பவள் அம்மா. விற்ற காசில் வாங்கிய சோற்றில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் போகிறாள். அந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு மறுபடி தொண்டை அடைத்தது.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுல எது நல்லா இருந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். பக்கத்தில் படுத்திருப்பவள் யார் என்கிற கலக்கம் அந்தக் குரலில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். அந்தக் கேள்விக்குத்தான் பதினாறு வருடமாகத் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. பணம், சமையல், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் செய்வது என்பதிலெல்லாம் எங்களுக்குள் பெரிதாக மனத்தாங்கல் வந்ததில்லை. வந்ததெல்லாம் கதைகளால்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டுக் கதைகள் மேல்தான் ஈர்ப்பு. பஞ்சம், கொலை, பைத்தியம் பிடித்தவர்கள், பெற்ற பிள்ளையைக் கைவிடுகிறவர்கள், நல்லவனாக இருந்து கெட்டுப்போகிறவர்கள். ஒரு மனிதன் உடைகிற இடத்தை ஒரு எழுத்தாளர் கண்ணை மூடிக்கொள்ளாமல் எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை நான் கீழே வைக்க மாட்டேன். அவருக்கோ படத்தில் ஒரு நாய்க்குட்டி அடிபட்டால்கூட எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும்.

2012இல் மகன் வயிற்றில் இருந்தபோது அத்தை என் புத்தகங்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். "வயித்துப் புள்ளக்காரி படிக்கிற படிப்பாத்தா இது? விளக்கு வெச்ச நேரத்துல சாவுக் கதையைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க" என்றார். பதிலுக்குப் பக்திப் புத்தகங்கள் மேசைக்கு வந்தன. அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. நல்லதைக் கேட்டால் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும், கெட்டதை வாயால் சொன்னாலே வீட்டுக்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர். என்னைச் சுட்டது வேறு. ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தச் சாக்கைப் பரணில் தள்ளியது என் கணவர்.

ஆறாவது மாதத்தில் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்துவந்து, கைப்பையில் வைத்து, மதிய இடைவேளையில் ஓய்வறையில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் ஒளித்தேன். முப்பது வயதுப் பெண், மாணவர்களுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறவள், புத்தகத்தை ஒளித்துப் படித்தேன். ஒருநாள் பையில் எதையோ தேடும்போது அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்: "உனக்குச் சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா? எங்கிட்டச் சொல்லலாம்."

அந்தக் கேள்வியில் அன்பு இருந்தது. அதனால்தான் அது அதிகம் வலித்தது. எனக்கு எதுவும் நடக்கவில்லை. அப்பா அம்மா ஒற்றுமையான வீடு. நான் படிப்பதற்குக் காரணமாக ஒரு காயம் இருந்தாக வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார். ஆரோக்கியமான மனசு இதையெல்லாம் தேடிப் போகாது என்பது அவர் கணக்கு.

ஆனால் அதையேதான் நானும் செய்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அவரால் ஏன் பார்க்க முடியவில்லை, இவருக்குள் எது புதைந்து கிடக்கிறது என்று வருடக்கணக்கில் துருவியிருக்கிறேன். அவருடைய அக்காவிடம் சுற்றி வளைத்து விசாரித்திருக்கிறேன். சிறுவயதில் ஏதாவது சாவைப் பார்த்தாரா? கிணற்றில் விழுந்தாரா? "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அவன் அப்பவே அப்படித்தான், கோழி அறுத்தா வீட்டுல இருக்க மாட்டான், குழம்பு கொதிக்கிறப்ப வந்துருவான்" என்று அண்ணி சொன்னார். அவ்வளவுதான். ஒருவருக்குள் இருக்கும் நோயை இன்னொருவர் தேடிக்கொண்டே இருந்தோம். இரண்டு பக்கமும் நோயே இல்லை.

கொரோனா முடிந்த சமயத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். 2021இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். கோல்டன் ஸ்கிரிவ்னர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது. திகில் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்கள் பெருந்தொற்றின் ஆரம்ப மாதங்களில் மற்றவர்களைவிட மனத்தளவில் குறைவாக அல்லல்பட்டதாக அதில் தெரிந்தது. பயத்தைக் கதையில் பழகிப் பார்ப்பது ஒருவகை ஒத்திகையாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுருக்கத்தைத் தமிழில் எழுதி அவரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். "அப்ப எனக்குத்தான் ஏதோ குறைங்கிற" என்றார். தாளை மடித்துப் பால் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயிப்பதற்காகத் தேடிய ஆதாரம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சேர்ந்து பார்க்கலாம் என்றும் முயன்றோம். பையன் தூங்கிய பிறகு ஓடிடியில் ஒரு கொலை விசாரணைத் தொடர். அவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். வயலில் உடல் கிடைக்கும் காட்சி வந்தால் தலையணை மெல்ல மேலே ஏறும். நான் திரையை விட்டுவிட்டு அவர் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவேன். இந்தியானா பல்கலைக்கழகத்தில் டால்ஃப் சில்மனும் சகாக்களும் 1986இல் மாணவ மாணவியரை ஜோடியாக உட்காரவைத்துத் திகில் படம் காட்டிச் செய்த ஒரு சோதனை உண்டு. பக்கத்தில் ஒரு பெண் பயந்து நடுங்கினால் ஆண்கள் படத்தை அதிகம் ரசித்தார்கள். பக்கத்தில் இருக்கும் ஆண் பயந்தால் பெண்களின் ரசனை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஆண் என்றால் அஞ்சக் கூடாது என்ற பழைய சட்டம் எல்லா ஊரிலும் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்றுதான் அதைப் படித்தபோது தோன்றியது. என் கணவரைத் தலையணையோடு பார்க்கும்போது எனக்குள் எழுந்த எரிச்சலில் அந்தச் சட்டத்தின் பங்கும் இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இதுவே அவர் இருட்டுக் கதைகளைப் பார்த்து நான் தலையணைக்குள் முகம் புதைத்திருந்தால், ஊரில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. அத்தையும் சாக்கைத் தேடியிருக்க மாட்டார்.

சரி, அந்த "நல்லா இருந்துச்சு"க்கு வருகிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறார். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). வருடா வருடம் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்த வரிசை. ஒருநாள் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது சுருக்கென்றது. எட்டில் உவகை ஒன்றுதான். அதுவும் கடைசியில் நிற்கிறது. அழுகைக்கு இழிவும் இழப்பும் அசைவும் வறுமையும், இளிவரலுக்கு மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும் என்று நிலைக்களம் வகுத்துக் கொடுத்திருக்கிறார். கவிதை இவற்றையெல்லாம் கேட்பவரின் உடம்பில் எழுப்ப வேண்டும் என்று எதிர்பார்த்த ஒரு மரபு. அந்த மரபில் வந்த எனக்கு அன்றைய இரவு கையில் கிடைத்தது "நல்லா இருந்துச்சு" என்ற ஒற்றைச் சொல். பிரியாணிக்கும் அதே சொல், பெற்ற மகளை விற்ற கதைக்கும் அதே சொல். அவர் குழம்பியதில் தப்பே இல்லை.

கலிங்கத்துப்பரணி நடத்தும்போது பாடத்தில் இல்லாத கூழ் அடும் பகுதியையும் சொல்லுவேன். போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சக் கிளம்புகின்றன. அதற்கு முன்னால் ஒழுங்காக யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன. வகுப்பு சிரிக்கும், கடைசி பெஞ்ச் முகம் சுளிக்கும், அடுத்த வரி என்ன என்று எல்லாக் கண்ணும் என்மேல் இருக்கும். பிணத்தையும் ரத்தத்தையும் வைத்துச் செயங்கொண்டார் சமைத்த கூழ் அது. ஒன்பது நூற்றாண்டாக அதை யாரும் பரணில் ஏற்றவில்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். கேட்டுக்கொண்டார். "நீ வாத்தியார். எனக்கு அது பாடம். ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி யாரும் பரணி படிக்கிறதில்ல" என்றார்.

அந்த வருடம் பங்குனியில் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனோம். திரும்பும்போது அர்ச்சுனாபுரம் நல்லதங்காள் கோயிலுக்குப் போகலாம் என்று அத்தை சொன்னார்.

என் அம்மாச்சிக்கு நல்லதங்காள் கதை முழுக்க மனப்பாடம். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே பாடுவார். மானாமதுரையில் மழையில்லை. ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள் நல்லதங்காள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகள் பசியில் கத்துகின்றன. அம்மாச்சி பாடுகிற விதத்தில் அண்ணி பச்சை வாழைமட்டையைத்தான் விறகென்று கொடுப்பாள், அதுவும் இவள் பத்தினி என்பதால் பற்றி எரியும். மானம் போன வீட்டில் இனி இருக்கக் கூடாதென்று கிணற்றுக்குப் போகிறாள். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போடுகிறாள். மூத்தவன் கெஞ்சுவான். "என்னையாச்சும் விட்டுரும்மா, கொள்ளி வைக்க ஒருத்தன் வேணாமா?" அந்த இடத்தில் அம்மாச்சி புளியை விட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வார். எனக்கு ஏழு வயது இருக்கும். மறுநாளும் அதையே பாடச் சொல்லுவேன்.

அவர் எனக்குள் தேடிய காயம் எங்கும் இல்லை, இந்தப் புளிக்கூடைப் பக்கத்தில்தான் என் ருசி பிறந்தது என்று அந்தக் கோயில் வாசலில் நின்றபோது தோன்றியது. நல்லதங்காளும் அவள் பிள்ளைகளும் அங்கே தெய்வங்கள். அத்தை கற்பூரம் ஏற்றினார். பரணில் சாக்கை ஏற்றிய அதே அத்தை, ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டவளுக்கு மாவிளக்கு வைத்துக் கண் கலங்கினார். என் கணவரும் கைகூப்பி நின்றார். முகம் சாந்தமாக இருந்தது. மொட்டைமாடிக்கு ஓடுகிற முகம் இல்லை அது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இது எந்த நாவலுக்குக் குறைஞ்சது? இதை எப்படி உங்களால பார்க்க முடியுது?"

கொஞ்ச நேரம் கிணறு இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க யாரும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லலையே. கும்புடுறாங்க" என்றார்.

பேருந்தில் ஊர் வந்து சேரும்வரை நான் பேசவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நல்லதங்காளை நாங்கள் ரசிக்கவில்லை. அவளுக்கு ஏதோ கடன்பட்டவர்கள் மாதிரி நிற்கிறோம். ஆனால் நான் இரவு தனியாகப் படித்துக் கண் கலங்கும்போதும் அதையேதான் செய்கிறேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. விற்கப்பட்ட அந்தப் பெண் எந்த ஊரிலும் இருந்தவளில்லை, ஒரு எழுத்தாளரின் மனசில் மட்டும் இருந்தவள். அவளுக்காக விழித்திருந்த ஒரு மணி நேரம் கும்பிடு இல்லாவிட்டால் வேறென்ன? இதில் ருசியும் இருக்கிறது, மறைக்கவில்லை. அம்மாச்சி பாட்டைத் திரும்பப் பாடச் சொன்ன ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது ருசிக்கத்தான் செய்தது.

இது நடந்து சில மாதம் கழித்துத்தான் இன்னொன்று பிடிபட்டது. சமையலறையில் அவரிடம் ஒரு நாவலின் பாதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காணாமல்போன ஒரு சிறுவனைத் தேடி அப்பா ஊர் ஊராகப் போகிறார். குக்கர் விசில் வந்தது, பேச்சு அறுந்துபோயிற்று. நான் மறந்தும்விட்டேன். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"அந்தப் பையன் கெடச்சானா?"

"இல்லைங்க. செத்துப்போயிருப்பான். முதல் நாளே."

தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினது போல மூச்சு விட்டார். "ரெண்டு ராத்திரியா அதே நினைப்பு. செத்துட்டான்னா சரி, விடு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பையன் செத்ததை அவரால் தாங்க முடிகிறது. என்ன ஆவானோ என்ற நிலையில் தன்னை யாரோ பிடித்து வைத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. கேட்டேன். யோசித்துவிட்டு ஆமாம் என்றார். "எது எப்ப வரும்னு தெரியாம உக்காந்திருக்கிறது இருக்கே, அதுதான். வரப்போறது தெரிஞ்சா நான் மனசைத் தயார் பண்ணிக்குவேன்."

நல்லதங்காள் கிணற்றில் குதிப்பாள் என்று தெரியாமல் யாரும் அந்தப் பாட்டைக் கேட்க உட்காருவதில்லை. கூத்தில் துரியோதனன் படுவான் என்று முதல்நாளே தெரியும். திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணிக்கு அமுது படையல் நடக்கிறது. நாயன்மார்களில் ஒருவரான சிறுத்தொண்டர், அடியாராக வந்த சிவன் கேட்டதற்காகத் தன் பிள்ளை சீராளனை அறுத்துக் கறி சமைத்த கதையின் நினைவாக. அதைவிடக் கொடூரமான கதையை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. பிள்ளையின் காலைத் தாயே பிடித்துக்கொள்கிறாள், தகப்பன் அறுக்கிறார். ஆனால் கடைசியில் கூப்பிட்டதும் சீராளன் ஓடிவருவான் என்று கூட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். நம் முன்னோர் இருட்டுக்குள் போகும்போது கூட்டமாகப் போனார்கள், வழி தெரிந்து போனார்கள். நானோ இரவு பதினொன்றரைக்குத் தனியாக, வழி தெரியாமல் போகப் பிரியப்படுகிறேன். என் சந்தோஷமே அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் வித்தியாசம் இருட்டில் இல்லை, போகிற முறையில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அதன்பிறகு நான் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் அவர் கேட்பதில்லை. பெண்களைச் சித்திரவதை செய்வதையே காட்சியாக நீட்டி நீட்டிக் காட்டுகிற தொடர்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடாது, அதில் நான் இப்போது அவர் பக்கம். சிலவற்றை இருட்டென்று நம்பிப் பார்த்திருக்கிறேன், அவை வெறும் வக்கிரம் என்று அவர்தான் முதலில் சொன்னார். பையனுக்குப் பதின்மூன்று ஆகிறது, அவன் எதைப் பார்க்கலாம் என்பதில் இன்னும் இழுபறிதான். என்ன, இப்போது பேசிக்கொள்கிறோம். இருட்டுக் கதை படித்தவருக்குப் பெரிய தேவை அதைச் சொல்ல ஒரு ஆள். ராத்திரி ஒரு மணிக்கு, கண்ணில் நீரோடு, சொல்ல ஆளில்லாமல் படுத்திருந்த வருடங்கள்தான் என்னை அதிகம் வருத்தின. புத்தகங்களில் இருந்த எந்தச் சாவும் அவ்வளவு வருத்தவில்லை.

போன மாதம் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. கதை தொடங்கும்போதே செல்லம்மாளின் மூச்சு ஒடுங்கிவிடுகிறது. உறவுக்காரர்கள் எல்லாம் ஐந்நூறு அறுநூறு மைல் தள்ளி இருக்க, பட்டணத்தில் புருஷன் பிரமநாயகம் பிள்ளை மட்டும் பக்கத்தில். அதற்குப் பிறகுதான் கதை பின்னோக்கிப் போகிறது. ஜவுளிக்கடையில் குறைந்த சம்பளத்துக்கு உழைத்து, வீட்டுக்கு வந்து நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்கிற ஒரு மனிதரின் கதை. முடிவு முதல் பத்தியிலேயே இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு இரவு எடுத்துக்கொண்டார். இரண்டாம் இரவு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த ஆளு கடைசி வரைக்கும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு" என்றார்.

நான் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்துத் தடவையாவது படித்த கதை அது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மனிதர் மனசுக்குள் ஒரு களைப்பு தெரியும். அவள் போனதில் அவருக்கு ஒரு விடுதலையும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் புதுமைப்பித்தன் அவ்வளவு அமைதியாக எழுதியிருக்கிறார் என்றுதான் வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

"அவருக்கு உள்ளுக்குள்ள பாரம் இறங்கினாப்ல இருக்குங்க. நீங்க அதைக் கவனிக்கலையா?"

"கவனிச்சேன். இறங்கத்தானே செய்யும்? அத்தனை வருஷம் தூக்கினவருக்கு இறங்காதா? அதுக்காகப் பாசம் இல்லைன்னு ஆயிருமா?"

"பாசம் இல்லைன்னு சொல்லலையே..."

"நீ சொல்ற தொனி அப்படித்தான் இருக்கு. எங்க, அந்தப் பக்கத்தை எடு."

மணி பன்னிரண்டே கால். பக்கத்து அறையில் பையன் "இன்னும் தூங்கலையா நீங்க?" என்று குரல் கொடுத்தான். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நான் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.